தண்ணீர் வளர்ப்பவர்

ஜெர்மனியின் எர்லாங்கனில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் கோய் வளர்ப்பதாகத்தான் சொல்லிக்கொள்கிறார். அவர் வளர்ப்பது தண்ணீரை. ஜப்பானிய வண்ணக் கெண்டைகள் அதில் சும்மா நீந்துகின்றன.

சனிக்கிழமை காலையில் கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் குளத்து நீர் எடுப்பார். அதில் சொட்டு மருந்து விட்டுக் குலுக்கி, மாறிய நிறத்தை அட்டையோடு வைத்துப் பார்ப்பார். நாகப்பட்டினத்திலிருந்து வந்திருந்த என் மாமியார் வேலியோரம் நின்று கவனித்துவிட்டு, "ஏன் மாப்ள, மீனுக்குமா சுகர் டெஸ்ட்?" என்றார்.

சுகர் இல்லை, நைட்ரைட். மீன் செவுள் வழியே அம்மோனியாவை வெளியேற்றும். வடிகட்டியில் வாழும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாக்கும், அதுவும் விஷந்தான். இன்னொரு கூட்டம் அதை நைட்ரேட்டாக்கினால்தான் மீனுக்கு நிம்மதி. இரண்டு விஷத்துக்கும் நிறம் கிடையாது. அடியில் கிடக்கும் கூழாங்கல்லை எண்ணிவிடலாம் என்கிற அளவுக்குத் தெளிந்த குளத்திலும் மீன் செத்து மிதக்கும். பச்சைப் பாசியைப் போக்கப் புற ஊதா விளக்கு உண்டு. விஷத்தை அது சீண்டாது.

அத்தைக்கு இதெல்லாம் புரிந்தது. பொறுக்கமுடியாமல் போனது வடிகட்டிப் பஞ்சு. பழுப்பாக, வழவழவென்று இருந்த அதைப் பார்த்ததும் கை பரபரத்தது. "சோப்பு போட்டு ரெண்டு தேய் தேய்ச்சா பளிச்சுனு ஆயிடுமே!" மொழிபெயர்த்துச் சொன்னேன். மனிதர் வெளிறிப்போனார். அந்த வழவழப்புதான் பாக்டீரியா. தேய்த்துக் கழுவிவிட்டால் மறுபடி சேர வாரக்கணக்காகும். குளத்து நீரிலேயே லேசாக அலசுவதோடு சரி. அதிலும் எல்லாப் பஞ்சையும் ஒரே நாளில் தொடமாட்டார்.

அடுத்தது பொரி. கோயில் குளத்தில் மீனுக்குப் பொரி போட்டே புண்ணியம் சேர்த்தவர் அத்தை. இங்கே பொரி ஆகாது என்றுவிட்டார் மனிதர், தீனி கிராம் கணக்கு. தண்ணீர் பத்து டிகிரிக்குக் கீழே இறங்கினால் அதுவும் நின்றுவிடும், குளிரில் கெண்டைக்குச் செரிக்காது. "பாவி, பட்டினியா போடறார்?" என்று அத்தை வருந்தியதை நான் மொழிபெயர்க்கவில்லை.

அவர் குளத்தில் ஒரு மீனுக்கு உடம்பெல்லாம் வழுக்கை, முதுகோரம் மட்டும் பெரிய பெரிய செதில். 1904-ல் ஜெர்மனியிலிருந்து ஜப்பானுக்குப் போன கண்ணாடிக் கெண்டையின் வாரிசு அது. அதன் உறவுக்காரர்கள் எங்கள் ஊரை அடுத்த ஐஷ் ஆற்றுப் பள்ளத்தாக்கில் குளம் குளமாக வளர்கிறார்கள். செப்டம்பர் முதல் ஏப்ரல் வரை உணவகத் தட்டுகளுக்கு வருவார்கள். நவம்பரில் எங்களை அங்கே விருந்துக்கு அழைத்துப்போனவரும் இதே மனிதர்தான். தலையோடு வாலோடு நெடுக்காகப் பிளந்து, மாவில் புரட்டிப் பொரித்த கெண்டை. கூடவே உருளைக்கிழங்கு சாலட். துடுப்பை ஒடித்து மொறுமொறுவென்று ரசித்துக் கடித்தார்.

அத்தை என் காதருகே குனிந்தார். "அங்கே பொரி ஆகாதுன்னார். இங்கே பொரிச்சா ஆகுமா?"