மாஸ்கோ வைத்த மொய்

வல்லரசுகள் வந்து மூக்கை நுழைப்பதில் கியூபா, கொரியா, வியட்நாம் எல்லாம் கடலூருக்கு ஜூனியர்கள். 1690-இலேயே இங்கே கடை விரித்துவிட்டார்கள். அந்த வருஷம் ஆங்கிலேயக் கம்பெனி தேவனாம்பட்டினம் கோட்டையை மராத்தியரிடமிருந்து விலைக்கு வாங்கியது. கோட்டையோடு சுற்றுவட்ட நிலமும் வேண்டுமே? சர்வேயர், சங்கிலி, பட்டா, சிட்டா என்று யாரும் அலையவில்லை. கோட்டையிலிருந்து பீரங்கியால் சுட வேண்டியது. குண்டு எவ்வளவு தூரம் போகிறதோ அவ்வளவும் கம்பெனிக்கு. இருப்பதிலேயே சோப்ளாங்கியான பீரங்கியைத்தான் அதற்குப் பயன்படுத்தியிருப்பார்கள் என்று நம்ப ஆசைதான். அந்த எல்லைக்குள் வந்த ஊர்களுக்குக் ‘குண்டு கிராமங்கள்’ என்றே பெயர் விழுந்தது. காலையில் மராத்தியர் குடியாக எழுந்தவன், சாயந்திரம் கம்பெனி குடியாகப் படுத்தான். அவனிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இங்கிலீஷ்காரன் வந்தால் பிரெஞ்சுக்காரன் சும்மா இருப்பானா? 1758-இல் லாலி வந்து கோட்டையைப் பிடித்து இடித்துத் தள்ளினார். சிதம்பரம் கோயில் மதில்களையும் விட்டுவைக்கவில்லை, ஆளாளுக்கு அதைக் கோட்டையாக்கிக்கொண்டார்கள். 1781-இல் அதை ஹைதர் அலியின் ஆட்களிடமிருந்து பிடிக்கப் போன ஆங்கிலேயத் தளபதி அயர் கூட், அடிவாங்கித் திரும்பினார். உச்சகட்டக் கூத்து 1783-இல். ஐரோப்பாவில் இங்கிலீஷ்காரனும் பிரெஞ்சுக்காரனும் ஜனவரியிலேயே சமாதானத்துக்குக் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. சேதி கப்பலேறி வருவதற்குள் ஜூன் ஆகிவிட, கடலூரில் தரையிலும் கடலிலும் இருவரும் மும்முரமாகச் செத்துக்கொண்டிருந்தார்கள்.

இப்படிப்பட்ட மண்ணுக்கு, இருபதாம் நூற்றாண்டின் பெரிய சண்டையான அமெரிக்கா - சோவியத் பனிப்போர் வராமல் போனால்தான் ஆச்சரியம். வந்தது. ஆனால் குண்டு போடவில்லை, மொய் எழுதியது.

கதை ஒரு கிணற்றில் தொடங்குகிறது. 1930-களில் நெய்வேலிப் பக்கம் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது, தண்ணீரோடு பழுப்பும் கறுப்புமாக ஏதோ வந்தது. பழுப்பு நிலக்கரி! வெள்ளைக்கார அரசு அதை ஆராய்ந்து, துளை போட்டு, அறிக்கை எழுதி, ஊருக்குக் கிளம்பிவிட்டது. சுதந்திரத்துக்குப் பிறகுதான் காரியம் நடந்தது. சென்னையில் காமராஜர் விடாமல் நச்சரித்தார். 1956 நவம்பர் 14-இல், அதாவது நேருவின் பிறந்தநாளில், நெய்வேலி நிறுவனம் பதிவானது. யாரைக் குளிரவைத்தால் காரியம் நடக்கும் என்பது அப்போதே தெரிந்திருக்கிறது. அடுத்த மே மாதம் நேருவே வந்து சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார்.

எல்லாம் சரி, காசு? நம்மிடம் இருந்தது ஐந்தாண்டுத் திட்டம் மட்டுமே. அந்தத் திட்டத்துக்கும் பணம் போதவில்லை.

பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு பங்காளிகள் ஒரே கல்யாணத்துக்கு வந்தால் என்ன நடக்கும்? மொய் நோட்டு எழுதுபவரிடம் குனிந்து, “அவன் எவ்வளவு எழுதியிருக்கான்?” என்று விசாரித்துவிட்டு, அதற்கு மேல் ஒரு ரூபாயாவது வைத்தால்தான் பந்தியில் உட்காருவார்கள். 1950-களில் டெல்லி அந்தக் கல்யாண வீடு. நேரு மொய் நோட்டைத் திறந்து வைத்துவிட்டு, பஞ்சசீலத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

1956-இல் அமெரிக்கா பி.எல். 480 என்ற உணவு உதவி ஒப்பந்தப்படி கோதுமை எழுதியது. 1957-இல் சோவியத் யூனியன் 50 கோடி ரூபிள் கடன் எழுதியது. அதில் வந்ததுதான் நெய்வேலி அனல்மின் நிலையம். இரண்டரை சதவீத வட்டி, பன்னிரண்டு தவணை. நம்ம ஊர்க் கந்துவட்டிக்காரர் கேட்டால் மூர்ச்சையாகிவிடுவார். அதைவிட ருசி, கடனை ரூபாயில் கட்டலாம். அந்த ரூபாய்க்கு அவர்கள் நம்மிடமே தேயிலை, சணல், தோல், முந்திரி வாங்கிக்கொள்வார்கள். கார்ல் மார்க்ஸின் வாரிசுகள் டர்பைன் அனுப்பிவிட்டு முந்திரிப்பருப்பு கொறித்தார்கள். ‘உலகத் தொழிலாளர்களே ஒன்றுபடுங்கள்’ என்பதில் பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைத்துக் கை புண்ணான பெண்களும் சேர்த்தியா என்று மாஸ்கோவில் யாரும் கேட்டதாகத் தகவல் இல்லை.

மின்நிலையம் சோவியத். மண்ணைத் தோண்டும் ராட்சசச் சக்கர இயந்திரங்களோ மேற்கு ஜெர்மனியிலிருந்து வந்தன. தோண்டுவது சாத்தியமா என்று பார்த்துச் சொன்னது ஒரு பிரிட்டிஷ் கம்பெனி. 1961 ஆகஸ்டில் பெர்லினில் சுவர் எழும்பியது. மேற்கு ஜெர்மனியும் சோவியத்தும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்கப் பிடிக்காத நிலை. அதே ஆகஸ்டில் நெய்வேலியில் நிலக்கரி கண்ணில் பட்டது. ஜெர்மன் இயந்திரம் வெட்டிக் கொடுக்க, சோவியத் கொதிகலன் வாங்கி எரித்தது. 1962 மே மாதத்தில் முதல் 50 மெகாவாட் யூனிட் ஓடத் தொடங்கியது. அக்டோபரில் கியூபா ஏவுகணை விவகாரத்தில் உலகம் அழியப் போகிறது என்று இரு தலைநகரங்களும் நடுங்கியபோது, நெய்வேலியில் ஷிப்ட் நேரம் தவறாமல் மாறியிருக்கும். அணிசேராக் கொள்கைக்கு விளக்கம் கேட்டு ஐ.நா. சபை வரை போக வேண்டியதில்லை. நெய்வேலிப் பக்கத்து மந்தாரக்குப்பத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினால் போதும்.

இதில் யாருக்கும் அடங்காத ஒரே சக்தி உள்ளூர் மண்தான். புவியியலில் அதற்குப் பெயரே ‘கடலூர் மணற்கல்’. ஜெர்மன் இயந்திரங்களின் பற்களை அது தேய்த்துத் துப்பியது. கடைசியில் வெடி வைத்து இளக்கிய பிறகுதான் சக்கரம் சுற்றியது. போதாததற்கு நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் ஊற்றுநீர். அதை இராப்பகலாக இறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கம் சுரங்கமாக இருக்கும், இல்லாவிட்டால் ஏரி.

அமெரிக்கா ஏன் இந்த மாதிரி ஆலை கட்டித் தரவில்லை? கொள்கை! அரசாங்கமே தொழில் நடத்துவது என்றாலே அவர்களுக்கு அலர்ஜி. பொகாரோ உருக்காலைக்குக் கேட்டபோது, அரசு ஆலையா என்று அமெரிக்க காங்கிரஸ் முகம் சுளித்தது. சோவியத் வந்து கட்டிக்கொடுத்தது. அமெரிக்காவோ வயிற்று வழியைப் பிடித்தது. ‘கேர்’ என்ற தொண்டு அமைப்பு வழியாகக் கோதுமையும் பால்மாவும் நம் பள்ளிக்கூட மதிய உணவுக்கு வந்தன. அந்தக் காலத்துத் தென்னார்க்காடு பையன் அமெரிக்க உப்புமா தின்றுவிட்டு, சோவியத் மின்சாரத்தில் பாடம் படித்தான். அந்தப் பாடப்புத்தகத்துக்கு அட்டை போட்டது ‘சோவியத் நாடு’ பத்திரிகையின் வழவழத் தாளில். கம்யூனிசம் தமிழ்நாட்டின் அத்தனை வீடுகளுக்குள்ளும் நுழைந்தது அந்த அட்டை வழியாகத்தான். உள்ளே இருந்த உற்பத்திப் புள்ளிவிவரங்களை யாரும் படிக்கவில்லை. தாள் கிழியாது, அது போதும்.

உப்புமாவுக்கும் விலை உண்டு. 1965, 66-இல் மழை பொய்த்தபோது, வியட்நாம் விஷயத்தில் இந்தியா வாயை மூடவில்லை என்ற கடுப்பில் அமெரிக்க ஜனாதிபதி ஜான்சன் கோதுமைக் கப்பல்களை மாதாமாதம் எண்ணி எண்ணி விட்டார். மொய் வைத்தவர் பந்தியில் வந்து நின்று, யார் எவ்வளவு சாப்பிடுகிறார்கள் என்று பார்த்தால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது.

பிறகு நடந்தது தெரிந்ததே. 1989-இல் பெர்லின் சுவர் போனது. 1991-இல் கடன் கொடுத்த நாடே காணாமல் போனது. அது கட்டிய நெய்வேலி முதல் மின்நிலையம் மட்டும், நாடு போன துக்கம் தெரியாமல் 2020 வரை ஓடிவிட்டு ஓய்வு பெற்றது. பக்கத்து வடலூரில் வள்ளலார் 1867-இல் மூட்டிய அடுப்பு இன்னும் எரிகிறது. அதற்கு வட்டியும் கிடையாது, தவணையும் கிடையாது, சாப்பிட வருகிறவனிடம் வியட்நாமைப் பற்றி அபிப்பிராயம் கேட்பதும் கிடையாது.

இந்தப் பனிப்போர்ச் சண்டையில் டெல்லி ஜெயித்தது என்றுதான் சொல்ல வேண்டும். இரண்டு பேர் போட்டி போட்டுக் கொடுக்க வந்ததால் பேரம் பேச முடிந்தது. ஆனால் நெய்வேலியைச் சுற்றி நிலம் கொடுத்த விவசாயிக்கு எந்தக் காலத்திலும் ஒரே ஒரு ஆள்தான் வாடிக்கை: சர்க்கார். பழைய கிராமங்கள் குழிக்குள் போயின. 2023 ஜூலையில் வளையமாதேவியில், பரவனாற்றுக் கால்வாய் வெட்ட, பச்சை நெற்பயிருக்குள் பொக்லைன்கள் இறங்கின. நிலத்தை எப்போதோ எடுத்தாகிவிட்டது என்றது நிறுவனம். பயிர் எங்களுடையது என்றார்கள் விவசாயிகள். இரண்டரை சதவீத வட்டிக்கு வல்லரசையே வளைத்த நாடு, சொந்த விவசாயியிடம் பேரத்துக்கு உட்காருவது மட்டும் இன்றுவரை பஞ்சாயத்தாகவே இருக்கிறது. அவர்கள் வயலுக்கும் ஒரு வாஷிங்டனும் ஒரு மாஸ்கோவும் போட்டி போட்டு விலை கேட்டிருந்தால், சென்ட் நிலம் என்ன விலைக்குப் போயிருக்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். மொய் நோட்டே போதாமல் போயிருக்கும்.