சுரங்கக்காரர் மகள் எடுத்த ஐடி

நெய்வேலியில் வளர்ந்த பிள்ளைகளுக்கு வேலை என்றால் என்ன என்று யாரும் விளக்கிச் சொன்னதில்லை. ஏ ஷிப்ட், பி ஷிப்ட், சி ஷிப்ட் என்று அது வீட்டுக்குள்ளேயே நடமாடிக்கொண்டிருந்தது. ராத்திரி கம்பெனி பஸ் டவுன்ஷிப்பின் எந்த வட்டத்து முனையில் நிற்கும், இந்த வாரம் எந்த வீட்டு அப்பா பகலில் தூங்குவார், யார் வீட்டு வாசலில் பந்து விளையாடக் கூடாது என்பதெல்லாம் எங்களுக்கு அத்துப்படி. என் அப்பா முதலாம் சுரங்கத்தில் பக்கெட் வீல் இயந்திரத்தில் இருந்தார். அந்த ராட்சசச் சக்கரம் மேல்மண்ணை வாரி வாரிக் கன்வேயரில் கொட்டுவதைச் சுரங்க விளிம்பில் நின்று பார்த்த எந்தப் பிள்ளையும், ‘உங்க அப்பா என்ன செய்யறார்?’ என்ற கேள்விக்குத் தடுமாறியதில்லை.

அதனால் டவுன்ஷிப்பில் படிப்பைத் தேர்ந்தெடுப்பது ஒரு காலத்தில் சுலபமாக இருந்தது. 1956 நவம்பரில் நிலக்கரிக் கம்பெனி பதிவானது. அடுத்த ஆண்டு மே மாதம் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். 1962-ல் சோவியத் உதவியோடு அனல் மின் நிலையத்தின் முதல் யூனிட் ஓடியது. மண்ணை அகற்றுவது, நிலக்கரி எடுப்பது, கொதிகலன், டர்பைன் என்று எல்லாமே கண்முன்னால் நடந்தன. மெக்கானிக்கல் படித்தவர் எங்கே நிற்பார், எலக்ட்ரிக்கல் படித்தவர் எதைப் பிரித்துப் பார்ப்பார் என்று பிளஸ் டூ படிக்கும் பையனுக்குத் தெரியும். பாலிடெக்னிக் போனால் என்ன, ஐடிஐ போனால் என்ன, அப்ரன்டிஸ் முடித்தால் என்ன என்பதற்கு ஒவ்வொரு வட்டத்திலும் ஒரு அண்ணன் உதாரணமாக இருந்தார்.

அந்தத் தெளிவு பையன்களுக்கு மட்டும்தான். 1952-ம் ஆண்டின் சுரங்கச் சட்டத்தில் 46-ம் பிரிவு என்று ஒன்று இருந்தது. பெண்கள் நிலத்தடிச் சுரங்கத்தில் வேலை செய்யக் கூடாது. திறந்தவெளிச் சுரங்கமானாலும் காலை 6 மணி முதல் மாலை 7 மணி வரை மட்டுமே செய்யலாம் என்றது அது. ஷிப்டில்தான் ஓடும் ஓர் ஊரில் இதற்கு என்ன பொருள் என்று யோசித்துப் பாருங்கள். சட்டப் பிரிவின் எண்ணெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. அப்பா சொன்னதுதான் தெரியும். “மைன்ஸ் பக்கம் நீ வர முடியாதும்மா. ராத்திரி ஷிப்ட் பொம்பளைங்களுக்குக் கெடையாது. ஒனக்கு வேற ஏதாவது பாக்கணும்.”

அந்த ‘வேற ஏதாவது’ 1999-ல் கம்ப்யூட்டராக இருந்தது. எதிர்வீட்டு எலக்ட்ரிக்கல் மாமா எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தீர்ப்பு சொன்னார்: “பொண்ணுக்கு எதுக்குங்க மெக்கானிக்கல்? ஏசி ரூம்ல உக்காந்து செய்யற வேலை இருக்கு. கம்ப்யூட்டர்ல போடுங்க.” அவர் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். ஆனால் அந்தப் படிப்பில் என்ன சொல்லித்தருவார்கள் என்பது அவருக்கும் தெரியாது, அப்பாவுக்கும் தெரியாது. எனக்குக் கணக்கு பிடிக்கும், அவ்வளவுதான்.

அப்போது நுழைவுத் தேர்வு இருந்தது. கணக்குக்கு 100, இயற்பியலும் வேதியியலும் சேர்த்து 100, நுழைவுத் தேர்வுக்கு 100, மொத்தம் 300-க்குக் கட்-ஆஃப். பிளஸ் டூ தேர்வு முடிந்த கையோடு டவுன்ஷிப் பிள்ளைகள் பயிற்சி வகுப்புக்கு ஓடினோம். சுரங்கத்துக்கு நிலம் கொடுத்துவிட்டு டவுன்ஷிப்புக்கு வெளியே வசித்த குடும்பங்களின் பிள்ளைகள் அந்த வகுப்புகளில் இல்லை. அவர்களில் எங்களைவிட நன்றாகக் கணக்குப் போட்டவர்களை எனக்குத் தெரியும். பள்ளி ஆண்டு விழாவில் கணக்குக்குப் பரிசு வாங்கிய ஒருத்தி அந்தக் கோடையில் முந்திரிக்கொட்டை உடைக்கப் போனாள். 2007-ல் நுழைவுத் தேர்வு போனபோது ‘தரம் போச்சு’ என்று பேசியவர்களோடு நான் ஒருநாளும் சேர்ந்ததில்லை. அந்தத் தேர்வு திறமையை எவ்வளவு அளந்ததோ, அதே அளவுக்குப் பயிற்சிக் கட்டணத்தையும் அளந்தது.

கவுன்சலிங் அண்ணா பல்கலைக்கழகத்தில். 1997-ல் வந்த ஒற்றைச் சாளர முறை அது. அரங்கில் ஒரு திரை. அதில் கல்லூரிப் பெயர்களும் மிச்சமிருக்கும் இடங்களும். ஒரு குடும்பம் உள்ளே போய்விட்டு வந்தால் எங்கோ ஓர் எண் ஒன்று குறையும். வெளியே உட்கார்ந்திருந்த பெற்றோர் அத்தனை பேர் கையிலும் ஒரே மாதிரி பிளாஸ்டிக் ஃபைல். கம்ப்யூட்டர் சயின்ஸ் இடங்கள் கண்ணெதிரே தீர்ந்துகொண்டிருந்தன. அதற்கு அடுத்த வரியில் புதிதாக வந்திருந்த பி.டெக். இன்ஃபர்மேஷன் டெக்னாலஜி. அப்பா பக்கத்திலிருந்தவரிடம் கேட்டார்: “சார், இந்த ஐடின்னா என்ன சார்?”

“கம்ப்யூட்டர் சயின்ஸ் மாதிரிதான் சார். எல்லாரும் எடுக்கிறாங்க.”

ஐடி என் பாடமானது இப்படித்தான். தகவலைப் பற்றிய ஒரு படிப்பை, அதைப் பற்றி ஒரு தகவலும் இல்லாமல் ஆயிரக்கணக்கானோர் தேர்ந்தெடுத்தோம். மறு ஆண்டு ஜூலையில் தரமணியில் டைடல் பார்க் திறந்தது. அதற்கடுத்த ஆண்டே அமெரிக்காவில் டாட்காம் கம்பெனிகள் சரிந்து, வளாகத் தேர்வுக்கு வருவோர் அருகிப் போனார்கள். ‘மெக்கானிக்கலே எடுத்திருக்கலாமோ?’ என்று எதிர்வீட்டு மாமாவே கேட்டார்.

அந்தப் படிப்பு எனக்குப் பிடித்துப்போனதற்கு வேலைச் சந்தை காரணமில்லை. இரண்டாம் ஆண்டில் டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் பாடம் நடந்துகொண்டிருந்த சமயம் விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தேன். அப்பா பேச்சுவாக்கில் நிலத்தடி நீரைப் பற்றிச் சொன்னார். நெய்வேலியில் நிலக்கரிப் படுகைக்குக் கீழே நீர் பேரழுத்தத்தில் இருக்கிறது. மேலே இருக்கும் மண்பாரத்தை அகற்ற அகற்ற, கீழிருந்து அந்த நீர் சுரங்கத் தரையையே தூக்கி உடைத்துவிடும். அதனால் சுற்றிலும் ஆழ்குழாய்கள் போட்டு இரவு பகலாக இறைத்து அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். எவ்வளவு இறைப்பது? கண்காணிப்புக் கிணறுகளில் நீர்மட்டத்தை அளந்து எழுதி வைக்கிறார்களே, அந்த எண்கள்தான் சொல்லும். ஓர் எண்ணால் பயனில்லை. எந்தக் கிணறு, எந்தத் தேதி, பக்கத்துக் கிணற்றில் என்ன, போன மாதம் என்ன என்று வரிசைப்படுத்தினால்தான் அது பேசும். இயந்திரங்களிலும் அப்படித்தான். ஷிப்ட் மாறும்போது லாக் புக்கில் எழுதிவிட்டுத்தான் பொறுப்பை ஒப்படைப்பார்கள். வருகிறவர் அதைப் படித்துவிட்டுத்தான் இயந்திரத்தைத் தொடுவார்.

வகுப்பில் ரெக்கார்டு, ஃபீல்டு, இண்டெக்ஸ் என்று வெறும் பெயர்களாக இருந்தவை அன்று எனக்குப் பொருளாயின. அவர் சொன்னதையெல்லாம் என் நோட்டில் அட்டவணைகளாகப் போட்டுக் காட்டினேன். அப்பா நீண்ட நேரம் பார்த்துவிட்டு, “இதத்தான் படிக்கிறியா?” என்று கேட்டார். என் படிப்பு என்னவென்று அவருக்குப் புரிந்தது அப்போதுதான்.

இந்தத் துறைக்கு நம் பக்கத்திலேயே ஒரு மூதாதை இருந்தார் என்பதை அந்தக் கவுன்சலிங் அரங்கில் யாராவது சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். சிதம்பரம் தாண்டினால் சீர்காழி. 1892-ல் அங்கே பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் கணித ஆசிரியர். 1924-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானார். லண்டனுக்குப் படிக்கப் போனபோது ஒரு பெரிய கடையில் மெக்கானோ விளையாட்டுத் துண்டுகளைப் பார்த்தார். சில பட்டைகள், சில திருகாணிகள். மாற்றி மாற்றிப் பூட்டினால் எத்தனையோ உருவங்கள். அறிவையும் இப்படிச் சிறு கூறுகளாகப் பிரித்து வேண்டியபடி சேர்க்கலாம் என்று தோன்றியது அவருக்கு. 1933-ல் வெளியான கோலன் பகுப்பு முறை அதிலிருந்து வளர்ந்தது. இன்று இணையக் கடையில் புடவை தேடும்போது நிறம், விலை, துணி வகை என்று தனித்தனியாகத் தட்டிச் சுருக்குகிறோமே, அந்த யோசனை அவர் வகுத்த கூறுப் பகுப்பின் வழிவந்தது. தொண்ணூறுகளின் இறுதியில் தொடங்கிய நெய்வேலிப் புத்தகக் கண்காட்சிக்கு வரும் மாணவர்களிடம் இதைச் சொல்லாமல் நான் விட்டதில்லை. தகவல் அறிவியல் அமெரிக்காவிலிருந்து பெட்டி கட்டி வந்த சரக்கு என்று நம் பிள்ளைகள் நினைப்பது எனக்கு வலிக்கிறது.

இப்போது நான் ஒரு கல்லூரியில் இதே பாடத்தைச் சொல்லித்தருகிறேன். ஜூன் வந்துவிட்டால் நெய்வேலியிலிருந்து போன் வரும். அரங்கும் திரையும் போய்விட்டன. 2018 முதல் எல்லாம் ஆன்லைன். 200-க்குக் கட்-ஆஃப், வீட்டிலிருந்தே விருப்பப் பட்டியல், ஒதுக்கீடு வந்தால் அப்படியே சேர்வதா அல்லது மேலே நகரக் காத்திருப்பதா என்று முடிவு செய்ய அவகாசம். முந்தைய ஆண்டுகளின் கட்-ஆஃப் எல்லாம் விரல்நுனியில். அன்று எங்களுக்கு இல்லாத தகவல் அத்தனையும் இன்று இருக்கிறது. கேள்வி மட்டும் மாறவில்லை: “மேடம், எல்லாரும் எதை எடுக்கிறாங்க?”

பட்டியலில் இப்போது கம்ப்யூட்டர் சயின்ஸ், ஐடி, செயற்கை நுண்ணறிவும் தரவு அறிவியலும், சைபர் செக்யூரிட்டி என்று பெயர்கள் பெருகிவிட்டன. ஒரு பாடப்பிரிவில் இத்தனை இடம்தான் என்ற உச்சவரம்பை ஏஐசிடிஇ 2024-25-ல் எடுத்துவிட்டதால், கல்லூரிகள் இந்தப் பெயர்களிலேயே இடங்களைக் கூட்டுகின்றன. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ், டேட்டாபேஸ், ஆபரேட்டிங் சிஸ்டம், நெட்வொர்க்ஸ் எல்லாம் கம்ப்யூட்டர் சயின்ஸுக்கும் உண்டு, ஐடிக்கும் உண்டு. அங்கே கம்பைலர் டிசைன் கட்டாயம். இங்கே வெப் சார்ந்த பாடங்கள் கூடுதல். இந்த வித்தியாசத்துக்காக நல்ல கல்லூரியின் ஐடியை விட்டுவிட்டு, ஆசிரியர் இல்லாத கல்லூரியின் கம்ப்யூட்டர் சயின்ஸுக்குப் போகிறவர்களைத் தடுக்க நான் மணிக்கணக்காகப் பேசியிருக்கிறேன். லேப் மாலையில் திறந்திருக்கிறதா, கணக்குப் பாடத்தை நடத்துவது யார், சீனியர்களிடம் பேசினீர்களா என்று கேட்பேன். இவற்றைக் கேட்டுத் தெரிந்துகொண்டு திரும்ப அழைப்பவர்கள் குறைவு.

எனக்கு மனம் கனப்பது இன்னொன்றை நினைத்து. 2019-ல் அந்த 46-ம் பிரிவிலிருந்து மத்திய அரசு விலக்கு அளித்தது. எழுத்துபூர்வச் சம்மதத்தோடும் பாதுகாப்பு ஏற்பாடுகளோடும், குறைந்தது மூன்று பேர் கொண்ட குழுவாகப் பெண்கள் திறந்தவெளிச் சுரங்கத்தில் இரவிலும் வேலை செய்யலாம் என்றானது. நிலத்தடிச் சுரங்கத்திலும் தொழில்நுட்ப, மேற்பார்வைப் பணிகளில் பகல் நேரத்தில் இறங்கலாம் என்றானது. எனக்கு மூடியிருந்த வழி திறந்துவிட்டது. கிண்டிப் பொறியியல் கல்லூரியில் மைனிங் இன்ஜினீயரிங் துறை இருக்கிறது. ஆனால் டவுன்ஷிப்பில் எந்த வீட்டுத் திண்ணையிலும் ஒரு பெண்ணுக்கு இதை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. பையன்களும் மெக்கானிக்கலைத் தேடுவதில்லை. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. சோவியத் உதவியோடு வந்த அந்த 600 மெகாவாட் நிலையம் 2020-ல் மூடப்பட்டது. கம்பெனியின் பொறியாளர் பணிக்கு கேட் தேர்வு மதிப்பெண். நாடு முழுவதும் போட்டி. 2022-ல் அப்படித் தெரிவானவர்களில் தமிழ்நாட்டினர் மிக அரிது என்ற செய்தி வந்து பெரிய கண்டனம் எழுந்தது நினைவிருக்கும். பக்கத்திலிருக்கும் சுரங்கம் அந்தப் பிள்ளைகளுக்கு எட்டாத தொலைவுக்குப் போய்விட்டது.

போன கவுன்சலிங் சமயத்தில் மந்தாரக்குப்பம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு பெண் வந்தாள். அரசுப் பள்ளி மாணவி. அப்பா கம்பெனியில் ஒப்பந்தத் தொழிலாளி. தாத்தாவின் நிலம் சுரங்கத்துக்குள் போயிருந்தது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2021-ல் பொறியியலிலும் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் அவளுக்கு நல்ல கல்லூரியே கிடைக்கும், கட்டணத்தை அரசே ஏற்கும் என்று சொன்னேன். புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும் என்பது அவளுக்கே தெரிந்திருந்தது. நான் படித்த நாட்களில் பயிற்சி வகுப்புக்கு வர முடியாமல் போன அந்தப் பெண்களுக்கு இதில் ஏதாவது ஒன்று இருந்திருந்தால் அவர்கள் எங்கே இருந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டே பட்டியலைத் திறந்தேன்.

மைனிங் பற்றியும் சொன்னேன். 2019 விலக்கைப் பற்றிச் சொன்னேன். கண்காணிப்புக் கிணறுகளையும், அந்த எண்களை வைத்து என்ன முடிவெடுக்கிறார்கள் என்பதையும் சொன்னேன். கவனமாகக் கேட்டாள். தகவல் அறிவியல், தொழில்நுட்பத் துறை கிண்டிக் கல்லூரியில் தனியாகவே இருப்பதைக் காட்டினேன். எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டு கடைசியில் கேட்டாள்:

“மேடம், ஐடில கணக்கு எவ்வளவு வரும்?”

இத்தனை ஆண்டுகளில் என்னிடம் யாரும் கேட்காத கேள்வி அது. டிஸ்கிரீட் மேத்தமெடிக்ஸ், நிகழ்தகவு, புள்ளியியல், அணிகள் என்று எடுத்துக்காட்டி ஒரு கணக்கையும் போட்டுக் காட்டினேன். அந்தக் கணக்கை அவள் என்னைவிடச் சுருக்கமாக வேறு வழியில் முடித்தாள். பிறகு மைனிங்கை மூன்றாவதாகவும் ஐடியை முதலாவதாகவும் எழுதினாள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, ஏன் அதைத் தேர்ந்தெடுத்தாள் என்று ஒரு வரியும் எழுதி வைத்தாள், வீட்டில் அப்பா கேட்டால் சொல்வதற்கு.