விட்டதைப் பிடிக்கிறவர்

கொடைக்கானல் போகிற வேனில் ஸ்வெட்டரை மறந்துவிட்டு, இரண்டு சீட்டுக்கட்டை மட்டும் மறக்காமல் எடுத்து வருகிற ஒருவர் கட்டாயம் இருப்பார். வத்தலக்குண்டில் காபி குடிக்கும்போதே சபதம் செய்துவிடுவார்: “ஆயிரம் ரூபாதான். அதுக்கு மேல ஒரு பைசா கிடையாது.” ஆயிரம் சட்டைப்பையில், மிச்சப் பணம் சூட்கேசில், சூட்கேஸ் சாவி மச்சானிடம். “நானே கேட்டாலும் தராதடா!”

ஏழாயிரம் அடி உயரத்து மலையும் அவர் கட்சிதான். மத்தியானமே மேகம் இறங்கிவிடும். தூண் பாறைக்குப் போனால் தூணும் தெரியாது, பாறையும் தெரியாது. காட்டேஜுக்குத் திரும்பிப் போர்வையை விரித்தால் ரம்மி.

ரம்மி திறமை விளையாட்டு என்று 1968-இலேயே உச்ச நீதிமன்றம் சொன்னது அவருக்கு மனப்பாடம். விழுகிற சீட்டை நினைவில் வைத்து, எதைப் பிடிப்பது எதைக் கழிப்பது என்று ஆடுவதைத்தான் நீதிபதிகள் திறமை என்றார்கள். அதில் அவருக்குக் குறைவில்லை. எழுந்து போகிற திறமைதான் இல்லை.

முதல் இரண்டு மணி நேரம் அவர் மகான். கை மோசமா? ஸ்கூட். இருபது பாயிண்டோடு தப்பித்து, மற்றவர்களுக்கும் உபதேசம் செய்வார். ஒன்பது மணிவாக்கில், அவர் காத்திருந்த ஸ்பேடு ஏழை எடுத்தே பக்கத்து ஆள் டிக்ளேர் செய்வான். ஃபுல், எண்பது! மங்கி கேப் மெல்ல நெற்றிக்கு மேல் ஏறும். இனி ஸ்கூட் கிடையாது. ரம்மி சேராத கையோடு கடைசி வரை நிற்பார். இடம் மாறி உட்காருவார். பின்னால் வந்து நின்றவனைத் திட்டுவார். பிறகு, “பாயிண்டுக்கு ரெண்டு ரூபா வச்சுக்கலாமா?” ஒரு ரூபாய் ஆட்டத்தில் அந்த ஆயிரம் பன்னிரண்டு ஃபுல் தாங்கும். இரண்டு ரூபாய் என்றால் ஆறுதான். எண்பதை எண்பதால் பெருக்கச் சொன்னாலும் சட்டென்று சொல்கிறவர், இந்தக் கணக்கை மட்டும் போடமாட்டார்.

ஆன்லைன் ரம்மிக்கு இரவு 12 முதல் காலை 5 வரை தடை என்று 2025 பிப்ரவரியில் தமிழகத்தில் விதி வந்தது. ஜூனில் உயர் நீதிமன்றமும் அதை ஏற்றது. ஆகஸ்டில் மத்திய அரசு, காசு வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களையே தடுக்கச் சட்டம் இயற்றியது. போர்வைமேல் நடக்கிற ஆட்டத்தை எந்த சர்வர் நிறுத்தும்? சரியாகப் பன்னிரண்டுக்கு மச்சானை எழுப்புவார்.

“சாவியக் குடு.”

“நீங்கதானே மாமா தரக்கூடாதுன்னு சொன்னீங்க?”

“அது வத்தலக்குண்டுல சொன்னது. அங்க வெயில்.”

அதே போர்வையில்தான் வேன் டிரைவர் அண்ணனும் இருநூறு ரூபாயோடு உட்கார்ந்திருந்தார். பத்து மணி அடித்ததும், கையில் இருந்ததை எண்ணக்கூட இல்லை, எழுந்துவிட்டார். “காலைல மலை இறங்கணும் சார். எந்த கியர்ல ஏறுனமோ அதே கியர்லதான் இறங்கணும்.” நம்மவர் ஏறியது ஆயிரத்தில், இறங்கும்போது கியரும் இல்லை, பிரேக்கும் இல்லை.

தோற்ற கோபம் புதிதல்ல. இந்த மலையடிவாரத்திலேயே ஒருவர், பழப் போட்டியில் அண்ணனிடம் தோற்றுக் கோபித்துக்கொண்டு கோவணத்தோடு வந்து நின்றிருக்கிறார். ஆனால் முருகன் இன்னொரு ஆட்டம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கோவணமும் தண்டமும் மிஞ்சியிருக்குமா? இரண்டாவது ஆட்டத்துக்கும் உட்கார்ந்த தருமர் பதின்மூன்று வருஷம் காட்டிலும் மறைவிலும் கழித்தார்.

மறுநாள் பெருமாள்மலை வழியாகப் பழநிக்கு இறங்கும்போது நம்மவர் பேசவே மாட்டார். முடிக்காணிக்கை நேர்ந்துகொண்டதாகப் பிற்பாடு சொல்வார். 2021 முதல் அறநிலையத் துறைக் கோயில்களில் மொட்டைக்குக் கட்டணம் கிடையாது. மேலே காட்டேஜில் போட்ட மொட்டைக்குத்தான் பத்தாயிரம் ஆகிவிட்டது.