சாம்பல் கம்மி சரக்கு

வள்ளூர்ப் பக்கம் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் ஒரு கலகலப்பு மாமா இருப்பார். அடையாளம் சுலபம். கல்யாண வீட்டில் அவர் உட்கார்ந்த பந்தி எழுந்திருக்காது. சாவு வீட்டில் அவர் உட்கார்ந்த கடைசி வரிசையில் நாலு பேர் தலைகுனிந்து தோள் குலுங்குவார்கள். அழுகிறார்கள் என்று முன்வரிசை உச்சுக் கொட்டும்.

எங்கள் மாமா இந்த ரகத்தில் முதல் நம்பர். அனல்மின் நிலையத்தில் ஷிப்ட் வேலை. நைட் ஷிப்ட் முடித்து வந்தவர் தூங்குவார் என்பது ஊர் வழக்கம். எங்கள் வீட்டில் அவர் வந்த பிறகு மற்றவர்கள் தூங்க முடியாது. கரண்ட் போனால் அவருக்குத் திருவிழா. "ஐந்நூறு மெகாவாட்டு, மூணு யூனிட்டு, மொத்தம் 1500 நம்மூர்ல ஓடுது. விசிறி மட்டும் உங்க அத்தை கையில ஓடுது பாரு!"

உறவுக்காரர்களுக்கு அவர் வைத்த பேரெல்லாம் ரயில்பாதைப் பேர்கள். எங்கே போனாலும் அங்கேயே நின்றுவிடும் பெரிய மச்சான், 'கூட்ஸ்'. கோபம் வந்தால் நந்தியம்பாக்கத்தில் நிற்காமல் நேராக மீஞ்சூர் போய்விடும் சின்ன அத்தை, 'ஃபாஸ்ட் லோக்கல்'. தான் மட்டும் எல்லா ஸ்டேஷனிலும் நிற்கிற கும்மிடிப்பூண்டி வண்டியாம். உண்மைதான். தெருக்கோடிக் கடைக்குப் பால் வாங்கப் போனவர் வீட்டுக்கு வீடு நின்று திரும்புவதற்குள் அத்தை வரக்காப்பி குடித்து முடித்திருப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை என்றால் பழவேற்காட்டு நண்டு. குழவியால் கொடுக்கைத் தட்டி, சதையை உருவி, பிள்ளைகள் இலையில் வரிசையாக வைப்பார். தன் இலையில் வெறும் கால்கள். "கால்லதாண்டா ருசியே கீது" என்று சத்தம் வர உறிஞ்சுவார். வெகுநாள் நம்பினோம். நானே பிள்ளைகளுக்கு நண்டு உடைக்கிற வயதில்தான் தெரிந்தது, காலில் ஒன்றும் இல்லை.

மொட்டைமாடியில் காயும் வேட்டியில், எங்கிருந்து வருகிறதோ, சாம்பல் படியும். அத்தை திட்டத் தொடங்குமுன் அதைத் தொட்டு நெற்றியில் இட்டுக்கொள்வார். "இலவசத் திருநீறு!" ஒருநாள் எங்களைக் கூப்பிட்டுக் கணக்குச் சொன்னார். "நம்ம நாட்டு நிலக்கரி நூறு கிலோ எரிச்சா முப்பது, நாப்பது கிலோ சாம்பல். சிமெண்டுக்குப் போவுது, செங்கல்லுக்குப் போவுது, இன்னும் மிச்சம் கீது. மாமா எண்பது கிலோ. எரிச்சா ரெண்டு, மூணு கிலோதான் தேறும். சாம்பல் கம்மி சரக்குடா நானு!" அத்தை கரண்டியை ஓங்கினாள்.

போய்ச் சேர்ந்தார். கண்ணீர் அஞ்சலி பேனருக்குச் சாந்தமான முகம் ஒன்று தேடினோம். ஒரு படத்தில் நாக்கு, ஒரு படத்தில் அத்தை தலைக்குப் பின்னால் கொம்பு. கடைசியில் கூலிங் கிளாஸ் படமே மாலை வாங்கிக்கொண்டது.

கொசஸ்தலையாறு கடலில் சேரும் எண்ணூர் முகத்துவாரத்தில் படகேறினோம். ஒருவரும் பேசவில்லை. கூட்ஸ் மச்சான் கலயத்தை இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தார். மெதுவாகச் சொன்னார்: "ரெண்டரை கிலோ இருக்கும்பா."

எங்கள் தோள்கள் குலுங்கத் தொடங்கின. படகே ஆடியது.

"பாவம், பசங்க தாங்க முடியாம அழுவுதுங்க" என்றார்களாம் கரையில் நின்ற பெரியவர்கள்.

அதுவும் பொய்யில்லை.