கம்புக்காரர்

டிக்கிக் கதவு தானாக நிற்காத பழைய ஆம்னி எந்த ஊரில் இருந்தாலும், அதற்குள் ஒரு கம்பு இருக்கும். அந்தக் கம்புக்கு வக்காலத்து வாங்க ஒரு பெரியவரும் இருப்பார். பெருமுக்கல் பெரியவருடையது சவுக்குக் கம்பு. மரக்காணம் போகும் வழியெல்லாம் சவுக்குத் தோப்பாக இருக்கும்போது வேறு மரத்தைத் தேடுவானேன்? மேல் முனையில் பழைய சைக்கிள் டியூப் சுற்றியிருக்கும், பெயிண்ட் உரியாமலிருக்க. நடுவில் மஞ்சளும் குங்குமமும். ஆயுத பூஜைக்கு வண்டிக்கு வைத்த கையோடு கம்புக்கும் வைத்தது.

1984-இல் மாருதி கொண்டுவந்த வேன், 2019-இல் நின்றுபோயிற்று. "கம்பெனியே நிறுத்திட்டானாமே பெரிப்பா?" என்று யாராவது கிண்டினால், "அவன் நிறுத்தினான், நான் நிறுத்தலையே!" என்பார்.

மல்லாட்டை மூட்டை, தர்ப்பூசணி, கல்யாண வீட்டு அண்டா, திண்டிவனம் ஆஸ்பத்திரிக்குப் போகும் பிள்ளைத்தாய்ச்சி, எல்லாம் அந்த வண்டியில்தான். டிக்கியைத் திறப்பதற்கென்று ஒரு முறை உண்டு. முதலில் இடது கை கதவைத் தூக்கும். வலது கை கம்பைத் துழாவும். கம்பு எப்போதும் மூட்டைக்கு அடியில்தான் கிடக்கும். உடனே கதவு தலைக்கு மாறும். இரண்டு கையும் மூட்டையை நகர்த்தும். கம்பு அகப்பட்டு, அதை நட்டு, இரண்டடி தள்ளி நின்று ஒரு பார்வை பார்ப்பார். கும்பாபிஷேகம் முடித்த ஸ்தபதிகூட அப்படிப் பார்த்திருக்க மாட்டார்.

வண்டி ஏன் இப்படி ஆயிற்று என்று கேட்டால் ஊரைக் காட்டுவார். அதில் உண்மையும் இல்லாமல் இல்லை. கதவின் இரண்டு பக்கமும் இருக்கிற ஷாக்குக்குள் நைட்ரஜனை அமுக்கி அடைத்து, கொஞ்சம் எண்ணெயும் விட்டிருப்பார்கள். அந்த அமுக்கம்தான் கதவைத் தாங்குகிறது. வழவழப்பான ராடு, சீல் வழியாக உள்ளே போய் வரவேண்டும். சுற்றிலும் கல்குவாரி, கிரஷர் தூசி ராடில் படிந்து சீலை அராவும். மரக்காணம் பக்கம் போனால் உப்பளம். உப்புக்காற்றுக்கு ராடு துருப்பிடித்தால் கேட்கவே வேண்டாம். காற்று கசிந்துவிடும், கதவு கவிழ்ந்துவிடும்.

ஆனால் மாற்றுவாரா? பெருமுக்கல் மலை மேலே பழங்காலப் பாறைக் கீறல்களைப் பார்க்க வெளியூரிலிருந்து வந்தவர்கள் டிக்கியைப் பார்த்துப் பயந்தால், மலையைக் கைகாட்டிச் சரித்திரம் சொல்வார். வந்தவாசியில் பிரெஞ்சுக்காரனை ஜெயித்த ஆங்கிலேயத் தளபதி அயர் கூட் 1760-இல் இந்த மலைக்கோட்டையையும் பிடித்தான் அல்லவா? "அம்மாம்பெரிய கோட்டையே நிக்கல. டிக்கி நிக்கலன்னு வந்து நிக்கிறீங்க!"

காசுக்குப் பார்க்கிறார் என்று ஊரில் சொல்வார்கள். நான் ஒப்பமாட்டேன். அதே வண்டிக்குப் புது சீட் கவர், இரட்டை ஹாரன், பெருமாள் படத்தைச் சுற்றி ஓடும் சீரியல் லைட்டு எல்லாம் வாங்கிப் போட்டவர். கம்பு அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு. ஷாக்கைக் கம்பெனிக்காரன் செய்தான். சங்கதி அவ்வளவுதான்.

கடைசியில் அவரை மடக்கியது தலை தீபாவளி. பட்டாசுப் பெட்டியை எடுக்கக் குனிந்த மாப்பிள்ளையின் முழங்கை பட்டுக் கம்பு சாய்ந்தது. "தல தீபாவளிக்கு வந்த பிள்ளைக்குத் தலையிலயே போட்டீங்களே!" என்று வீட்டம்மா பிடித்துக்கொண்டார். "கம்பு மேல தப்பில்ல, மாப்பிள்ள கொஞ்சம் ஒசரம்" என்ற வாதம் எடுபடவில்லை. மறுவாரம் வண்டி திண்டிவனத்து ஒர்க்‌ஷாப்பில் நின்றது.

மெக்கானிக் பையன் பொறுமைசாலி. பெரியவர் ஒவ்வொரு யோசனையாக எடுத்துவிட்டார்.

"ஒரு சின்ன ஓட்ட போட்டு எண்ண ஊத்திட்டா இன்னா தம்பி?"

"ஐயோ பெரிப்பா, செத்த ஷாக்குலகூட உள்ள அமுக்கம் மிச்சம் இருக்கும். ட்ரில்லு வச்சா மூஞ்சியில அடிக்கும். சூடு காட்டக்கூடாது, நெருப்புல போடக்கூடாது."

"சரி, ஒண்ண மட்டும் மாத்து."

"புதுசு ஒரு பக்கம் தூக்கும், பழசு மறுபக்கம் தொங்கும். கதவு கோணிக்கும். ஜோடியாத்தான் மாத்தணும், இந்த வண்டிக்குன்னு உள்ள அளவுலதான் போடணும்."

பக்கத்தில் ஒரு செடான் கார் டிக்கியைத் திறந்தபடி நின்றது. அதில் ஷாக்கு கிடையாது. குறுக்கே முறுக்கி மாட்டிய இரண்டு இரும்பு ராடுதான் ஸ்பிரிங். பெரியவர் அதைத் தொட்டுப் பார்க்கப் போனார். பையன் கையைப் பிடித்து இழுத்துவிட்டான். கொக்கியிலிருந்து கழன்றால் முறுக்கு விடுபடும் வேகத்தில் விரலையோ பல்லையோ கொண்டுபோய்விடும். முனையில் பைப்பைச் செருகி, முகத்தை விலக்கிக்கொண்டு, மெல்ல விடுவிக்க வேண்டிய சாமான் அது.

ஆம்னிக்குத் திரும்பிய பையன் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தான். கழற்றுவதற்கு முன்னால் பெரியவர் பக்கம் திரும்பிக் கேட்டான்:

"பெரிப்பா, கம்பு இருக்கா? கதவுக்கு முட்டு வைக்காம ஷாக்குல கை வைக்கக்கூடாது."

பெரியவர் முகத்தைப் பார்க்கவேண்டுமே! எதுவும் பேசாமல் கம்பை எடுத்து வந்து நட்டார். அது போதாதென்று ஆளுக்கொரு கையாகக் கதவைப் பிடிக்க இரண்டு பேரை நிறுத்தினான் பையன். அதை மட்டும் பெரியவர் அவமானமாக எடுத்துக்கொண்டார்.

மற்றதெல்லாம் சட்டென்று முடிந்தது. குண்டு ஜாயின்ட்டின் சின்னக் கிளிப்பை நெம்பினான், ஷாக்கு கையோடு வந்தது. பழையதைக் கட்டைவிரலால் அழுத்தினான். போனது போனதுதான், திரும்பவில்லை. புதியதை இறக்க அவன் உடம்பு பாரத்தைக் கொடுக்க வேண்டியிருந்தது. கதவை மூடும்போது ராடு கீழ்ப்பக்கம் இருக்கும்படி மாட்டினான். அப்போதுதான் எண்ணெய் சீலில் தேங்கிக் காய விடாமல் வைத்திருக்குமாம்.

கம்பை உருவினார்கள். கதவு நின்றது. பெரியவர் இரண்டு முறை மூடித் திறந்தார். திறக்க ஒற்றை விரல் போதுமாயிருந்தது. சுற்றி நின்றவர்கள் பாராட்டுக்குக் காத்திருந்தார்கள்.

அவர் பில்லை வாங்கி, கண்ணாடி மாட்டி, மேலிருந்து கீழாகப் படித்தார். இரண்டு ஷாக்கு, கூலி, எல்லாம் சரி. பிறகு சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"தம்பி, கம்புக்கு வாடகை போடல பாரு. அத இதுல கழிச்சுக்க."