நாழிக்குள் நுழைந்த நாழி

நெல்லுக்கு மரக்கால், பாலுக்கு ஆழாக்கு. தொழிலாளியின் வலியை அளக்க ஆங்கிலம் தந்த படிக்குப் பெயர் ‘சப்ஸ்டான்ஷியல்’. அகராதியில் ‘கணிசமான’ என்று போட்டிருக்கிறது. எவ்வளவு இருந்தால் கணிசம்? படி யார் கையில் இருக்கிறதோ, அவர்களைத்தான் கேட்க வேண்டும்.

முக்கியமான அன்றாடச் செயல்களை உடற்குறை ‘சப்ஸ்டான்ஷியலாக’ முடக்கினால்தான் பாதுகாப்பு என்றது 1990-இல் வந்த அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டம். கென்டக்கியில் டொயோட்டா ஆலையில் காற்றழுத்தக் கருவிகளோடு மல்லுக்கட்டிய ஒரு பெண்ணுக்கு மணிக்கட்டு நரம்பு நசுங்கியது. பிறகு அவரிடம், வரிசையாக வரும் கார்களுக்கு எண்ணெய் தடவித் துடைக்க மணிக்கணக்கில் கையைத் தோளுயரம் தூக்கி நில் என்றார்கள். கை கேட்கவில்லை. வேலை போயிற்று.

அவர் தொடுத்த வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அகராதியைப் புரட்டியது. ‘சப்ஸ்டான்ஷியல்’ என்றால் ‘கன்சிடரபிள்’ என்று கண்டுபிடித்தது. அடடா! கணிசம் என்றால் என்ன? கணிசம்தான்! நாழிக்குள் நாழி நுழையாது என்பார்கள். அங்கே நுழைந்தது.

பல் தேய்க்கிறார், முகம் கழுவுகிறார், குளிக்கிறார், காலை உணவு சமைக்கிறார், துணி துவைக்கிறார் என்று கனம் நீதிபதிகள் கணக்கெடுத்தார்கள். வீடு பெருக்க முடியாததும், நடனத்தை விட்டதும், பிள்ளைகளோடு விளையாட்டுக் குறைந்ததும் அந்தப் படியை நிரப்பவில்லையாம். 2002 ஜனவரியில் ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்துச் சொன்ன தீர்ப்பு இது. கையைத் தூக்க முடியாதவரிடம் நீதி கையை விரித்தது. ஆலையில் அவர் துடைத்தது கார்களை. மன்றத்தில் பார்த்தது அவர் பல்லை!

கடலுக்கு அந்தப் பக்கம் பிரிட்டனின் 2010 சமத்துவச் சட்டத்திலும் இதே சொல் உண்டு. அங்கே அதற்கு, ‘சிறியதோ அற்பமோ அல்லாதது’ என்று பொருள். அமெரிக்காவில் மரக்கால், பிரிட்டனில் ஆழாக்கு. இரண்டிலும் ஒரே முத்திரை.

நீதிமன்றத்தின் படி பெரிது என்று அமெரிக்க நாடாளுமன்றமே 2008-இல் சட்டம் போட்டுத் திருத்த வேண்டியிருந்தது. இடைப்பட்ட ஆறு ஆண்டுகளில் அந்தப் படியால் அளக்கப்பட்டவர்களுக்கு யார் படியளப்பது?

முதலாளியின் நஷ்டத்தைக் ‘கணிசம்’ என்று எழுதினால் எந்தத் தணிக்கையாளராவது கையெழுத்துப் போடுவாரா? அங்கே சல்லிக்காசு வரை எண் வேண்டும். உழைத்துத் தேய்ந்த கைக்கு மட்டும் ஓர் உரிச்சொல் போதும்.