படம் விட்டால்தான் கேட் திறக்கும்

தமிழ் சினிமாவை அழிக்கப் பிறந்த ஒரு கொடியவன் உண்டு. திருட்டு வி.சி.டி.க்காரன் இல்லை, அவனாவது படத்தைக் கடைசிவரை ஓடவிட்டுத்தான் திருடினான். இடைவேளையில் டீ குடிக்கப் போய் அப்படியே பஸ் ஏறிவிடுகிறானே, அவன்தான். கோடிகளைக் கொட்டி எடுத்த படத்தை இருநூறு ரூபாய் கொடுத்துவிட்டுப் பாதியில் உதறிப்போக அவனுக்கு என்ன நெஞ்சழுத்தம்!

2024 நவம்பர் 14 அன்று ‘கங்குவா’ வந்தது. வருவதற்கு முன்னால் தயாரிப்பாளர் இரண்டாயிரம் கோடி வசூலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். வந்த பிறகு, சத்தத்தை இரண்டு புள்ளி குறைத்து வையுங்கள் என்று தியேட்டர்காரர்களைக் கேட்டுக்கொண்டார். முதல் நாள் உள்ளே இருந்தவனின் காதைப் பற்றி யாரும் எதுவும் கேட்டுக்கொள்ளவில்லை. சில நாளில் படத்திலிருந்து 12 நிமிடத்தை வெட்டினார்கள். அதற்கு நான்கு மாதம் முன்னால் வந்த ‘இந்தியன் 2’ மூன்று மணிநேரம் ஓடியது. அதிலும் வெளியான சில நாளிலேயே வெட்டியது 12 நிமிடம்தான். மன்னிப்புக் கேட்க ஆகும் நேரம் இவ்வளவு என்று கோடம்பாக்கத்தில் யாரோ கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள் போல.

வெட்டியது சரி. வெட்டி எறிந்ததற்கு முதல் நாள் ரசிகன் கொடுத்த காசு எங்கே? அந்தப் 12 நிமிடம் வேண்டாத சரக்கு என்று அவன் நெளிந்து சொன்னான், கொட்டாவி விட்டுச் சொன்னான், எழுந்து போயும் சொன்னான். அப்போது அவன் ரசனை கெட்டவன். அதையே எடிட்டர் சொன்னால் ‘படம் இப்போது இன்னும் விறுவிறுப்பாக’ என்று போஸ்டர் அடிக்கிறார்கள். நூறு ரூபாய்க்கு மேற்பட்ட டிக்கெட்டுக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. வேறு. ஆக, தயாரிப்பாளரே தூக்கிப்போட்ட காட்சிக்கும் அவன் வரி கட்டியிருக்கிறான்.

காசு திரும்பவே வராத தொழில் இது என்று நினைத்துவிட வேண்டாம். திரும்ப வரும், ஆள் பார்த்து வரும். 2002இல் ‘பாபா’ படுத்தபோது ரஜினிகாந்த் விநியோகஸ்தர்களின் நஷ்டத்துக்குப் பணம் கொடுத்தார். அதை இன்றுவரை பெருந்தன்மைக்கு உதாரணமாகச் சொல்கிறோம். 2014 டிசம்பரில் வந்த ‘லிங்கா’வில் கையைச் சுட்டுக்கொண்ட விநியோகஸ்தர்கள், அடுத்த மாதமே சென்னையில் உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள். பிச்சையெடுக்கும் போராட்டம் நடத்துவோம் என்றும் அறிவித்தார்கள். கடைசியில் ஒரு பகுதிப் பணமாவது வந்தது. மேலே இருப்பவன் கீழே இருப்பவனுக்குத் திருப்பித் தருகிற இந்த நல்ல வழக்கம் தியேட்டர் வாசல்வரை வந்து, டிக்கெட் கவுண்டர் அருகில் மட்டும் நின்றுவிடுகிறது. ‘பாபா’ பார்த்தவனுக்கு யார் பணம் கொடுத்தார்கள்? அவனும் பிச்சையெடுக்கும் போராட்டம் அறிவித்திருக்கலாம்தான். ஆனால் அதைப் போராட்டம் என்று யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

பாண்டிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் இடையஞ்சாவடியிலிருந்து வடக்கே கடலோரமாகப் போனால் மரக்காணம் உப்பளங்கள். அங்கே நியாயம் வேறு மாதிரி. உப்பில் மண் கலந்து நிறம் மங்கியிருந்தால் வியாபாரி கையில் அள்ளிப் பார்த்துவிட்டு விலையைக் குறைப்பார், இல்லையென்றால் வேண்டாம் என்று போய்க்கொண்டே இருப்பார். பாத்தியில் இறங்கி வாரியவர் காலெல்லாம் வெடித்திருக்கிறதே, எவ்வளவு உழைப்பு, மூன்று நாளைக்கு உப்பைப் பற்றி யாரிடமும் வாய் திறக்காதீர்கள் என்று வியாபாரியை யாரும் கேட்பதில்லை. மழை பிடித்துக்கொண்டால் வேலையே கிடையாது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களை அளத்துக் குடும்பங்கள் ஓட்டுவதற்கு அரசு தருகிற நிவாரணம் 5,000 ரூபாய். தீபாவளிப் படங்கள் வருவதும் சரியாக அந்த நாட்களில்தான். பிள்ளைகள் கேட்கிறார்களே என்று ஒரு குடும்பம் அந்த ஐந்தாயிரத்தில் கைவைத்து பாண்டிக்குப் பஸ் ஏறுகிறது. வெளியிலிருந்து தின்பண்டம் கொண்டுவரக் கூடாது என்று தியேட்டர்காரர் சொல்லலாம் என 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. குடிதண்ணீர் மட்டும் இலவசமாகத் தர வேண்டுமாம். ஆகவே முறுக்குப் பொட்டலம் வாசலிலேயே நின்றுவிடும். உள்ளே போனால் ஹீரோ ஏழைகளுக்காக இரண்டு மணிநேரம் அழுகிறார். இதில் யாருக்கு யார் நிவாரணம் கொடுப்பது என்று எனக்கு விளங்கவில்லை.

அந்த மூன்று நாள் சமாச்சாரம் நான் கற்பனையாகச் சொன்னதில்லை. ‘கங்குவா’ ஓடிக்கொண்டிருக்கும்போதே தமிழ்த் திரைப்பட நடப்புத் தயாரிப்பாளர்கள் சங்கம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. புதுப்படம் வந்து முதல் மூன்று நாளைக்குச் சமூக வலைத்தளங்களில் விமர்சனமே வரக் கூடாது என்று கேட்டது. டிசம்பர் முதல் வாரத்தில் கோர்ட் அப்படித் தடைபோட மறுத்துவிட்டது. கருத்துச் சுதந்திரம் என்று ஒன்று இருப்பதை அங்கே நினைவுபடுத்தும்படி ஆயிற்று. 1944 தீபாவளிக்கு வந்த ‘ஹரிதாஸ்’ சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்டது. மூன்று தீபாவளி ஓட்டிய தொழில் இன்று மூன்று நாள் வாய்ப்பூட்டு கேட்டுக் கோர்ட்டு வாசலில் நிற்கிறது. காரணம் எளிது. ஒரே நாளில் நூற்றுக்கணக்கான திரைகளில் இறக்கி, வியாழனோ வெள்ளியோ தொடங்கி ஞாயிறு இரவுக்குள் போட்டதை அள்ளிவிட வேண்டும். திங்கட்கிழமை ஊருக்கு உண்மை தெரிந்துவிடும். பார்த்தவன் வாயைத் திறப்பதற்குள் பார்க்காதவன் பையைக் காலி செய்கிற வேலைக்கு ‘ஓப்பனிங்’ என்று பெயர்.

வாயைப் பூட்ட முடியவில்லை. காலைப் பூட்டலாமே? அதற்கு பாண்டியிலேயே ஒரு தியேட்டர்காரர் வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறார். பெயர் எதற்கு, பல ஊர்களில் இதேதான். இரண்டாம் ஆட்டம், இடைவேளைக்குப் பிறகு ஒரு பாட்டு, ஒரு சண்டை, இன்னொரு பாட்டு. எழுந்து வந்தேன். வண்டி ஸ்டாண்டில் பைக்குகள் ஹேண்டில்பாரோடு ஹேண்டில்பார் கோத்துக்கொண்டு நின்றன. கேட்டில் சங்கிலி, சங்கிலியில் பூட்டு, பூட்டுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு ஒரு பெரியவர்.

“அண்ணே, கேட்டத் தொறங்க, கெளம்பணும்.”

“படம் வுட்டாத்தான் தம்பி. ஒன் வண்டி நடுவுல மாட்டிக்கினு கெடக்குது, பாரு.”

“படம் நல்லால்லண்ணே.”

“தெரியும் தம்பி. நானும் நாலு ஆட்டமா சத்தம் கேட்டுக்கினுதான் இருக்கேன். போ, உள்ள ஏசில ஒக்காரு.”

எனக்கு முன்பே அங்கே சிலர் சாவி வளையத்தை விரலில் சுற்றியபடி நின்றிருந்தார்கள். அத்தனை பேரும் எழுந்து வந்தவர்கள். அத்தனை பேரும் வசூல் கணக்கில் ‘படத்தைக் கொண்டாடிய ரசிகர்கள்’. அந்தப் பெரியவர் மேல் எனக்குக் கோபமில்லை. அவர் சொன்னதைவிட நேர்மையான விமர்சனம் அந்தப் படத்துக்கு எங்கும் வரவில்லை. கோபமெல்லாம் அந்தப் பூட்டின் மேல்தான். 1997 ஜூன் 13 அன்று தில்லி உபஹார் தியேட்டரில் ‘பார்டர்’ ஓடிக்கொண்டிருந்தபோது தீப்பிடித்து 59 பேர் செத்தார்கள். கூடுதலாக நாற்காலி போட்டு வழியை அடைத்திருந்தார்கள், கதவு பூட்டியிருந்தது, புகை அவர்களை முடித்தது. அதையெல்லாம் படித்துவிட்டும் நம் ஊரில் சங்கிலி மாட்டுகிறார்கள். படம் மொக்கை என்பதற்குத் திறக்காத கேட், தீ என்றால் மட்டும் சட்டென்று திறந்துவிடுமா? அந்தச் சாவி யார் இடுப்பில் இருக்கிறது, அவர் அப்போது டீ குடிக்கப் போயிருந்தால் என்ன ஆகும் என்று லைசென்ஸ் புதுப்பிக்க வருகிற எந்த அதிகாரியும் கேட்பதாகத் தெரியவில்லை.

தில்லிக்காரர்கள் நாகரிகமானவர்கள். அவர்கள் இப்போது பூட்டுவதில்லை, எழுந்து போகும் உரிமையை விற்கிறார்கள். 2024 டிசம்பரில் பி.வி.ஆர். ஐநாக்ஸ் தில்லியிலும் குருகிராமிலும் ‘ஃப்ளெக்ஸி ஷோ’ என்று ஒன்றைக் கொண்டுவந்தது. டிக்கெட்டுக்கு மேல் பத்து சதவீதம் கூடுதலாகக் கட்ட வேண்டும். பாதியில் எழுந்தால், நாற்காலி காலியானதைக் கேமரா பார்த்துக் குறித்துக்கொள்ளும். முக்கால்வாசிப் படத்துக்கு மேல் பாக்கியிருந்தால் டிக்கெட் காசில் 60 சதவீதம் திரும்ப வரும். பாதிக்கு மேல் என்றால் 50, கால்வாசிக்கு மேல் என்றால் 30. பெயர் போட்டு முடிவதற்குள் எழுந்தாலும் நாற்பது சதவீதம் போனதுதான். அந்த நாற்பது, படத்துக்கு முன்னால் ஓடிய பான் மசாலா விளம்பரங்களைப் பார்த்த கூலியாக இருக்கலாம். கூலியை நாம் கொடுக்கிறோம் என்பதுதான் வேடிக்கை. இதுவரை இலவசமாக இருந்த கால்களுக்கு இனி பத்து சதவீதம் வாடகை.

இன்னும் மிச்சமிருப்பது சட்டம் ஒன்றுதான். முன்னுதாரணம் இருக்கிறது. தேசிய கீதம் ஒலிக்கும்போது தியேட்டர் கதவுகளை மூடி வைக்க வேண்டும் என்று 2016 நவம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2018 ஜனவரியில் கீதம் போடுவதே கட்டாயமில்லை என்று மாற்றிக்கொண்டது. ஒரு நிமிடம்கூட ஆகாத கீதத்துக்கு மூடிய கதவை மூன்று மணிநேரத்துக்கு நீட்டிக்கச் சொல்லி சங்கத்தார் மனுப் போடலாம். கொட்டாவிக்கு அபராதம். செல்போனில் மணி பார்த்தால் முதல் முறை எச்சரிக்கை. சிறுநீர் கழிக்கப் போகிறவர் திரும்பி வருவதற்கு ஜாமீனாக ஒரு செருப்பை விட்டுப் போகட்டும்.

நம்மைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இந்தத் தைரியத்தை அவர்களுக்குக் கொடுத்தது நாம்தான். கட்-அவுட்டுக்குப் பால் ஊற்றிவிட்டு உள்ளே போய், முக்கால் மணிநேரத்திலேயே ஏமாந்தது தெரிந்தும், காசு கொடுத்தாயிற்றே என்று உட்கார்ந்து, வெளியே வந்ததும் மைக் நீட்டியவனிடம் “ஒரு தடவ பாக்கலாம்” என்கிறோம். தமிழ்நாட்டின் மிகப் பெரிய பொய் அதுதான். இரண்டு தடவை யார் பார்க்கச் சொன்னார்கள்? தலைவருக்காக, சாதிக்காக, வரப்போகும் கட்சிக்காக, பக்கத்து சீட்டில் இருக்கும் மச்சானுக்காக உட்கார்ந்தே பழகிவிட்டோம். எங்கள் ஊரை ஒட்டியுள்ள ஆரோவில்லின் டவுன் ஹாலில் சினிமா பாரடிசோ என்று ஒரு அரங்கு இருக்கிறது. டிக்கெட் கிடையாது. பிடிக்காதவர் எழுந்து போனால் போனதுதான், எந்த வெள்ளைக்காரரும் அதற்காகக் கோர்ட்டுக்கு ஓடுவதில்லை. காசே கொடுக்காதவன் சர்வசாதாரணமாக எழுந்து போகிறான். காசு கொடுத்த நமக்குத்தான் கூச்சம்.

ஆகவே, அடுத்த முறை எழுந்து போங்கள். பக்கத்தில் இருப்பவர் முறைப்பார், முட்டி முன்சீட்டில் இடிக்கும், பரவாயில்லை. வெளியே வந்து படம் எப்படி என்று கேட்டால் நன்றாக இல்லை என்று சொல்லுங்கள். அதற்குக் கோர்ட்டின் ஆதரவே இருக்கிறது. கேட் பூட்டியிருந்தால் வண்டிக்காகக் கெஞ்சிக்கொண்டு நிற்காமல், அந்தப் பூட்டைப் படம் பிடித்து கலெக்டருக்கும் தீயணைப்புத் துறைக்கும் அனுப்புங்கள். தியேட்டருக்கு உரிமம் கொடுக்கிறவர் கலெக்டர்தான்.